கொரோனா நிவாரண நிதியில் ஒரு கவுண்டி தன் டேட்டாவை ஒன்றிணைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் டேட்டா அனலிஸ்ட்டாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த சில நாளிலேயே மேலாளர் கூப்பிட்டு, "ஆர்ப்பா பணத்தில் ஒருங்கிணைந்த தரவு அமைப்பு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம், இனி நீங்களும் அதில் இருக்கிறீர்கள்" என்கிறார். ஆர்ப்பா என்பது கொரோனா நிவாரண நிதியைத் தந்த சட்டம், படி 1இல் அதைப் பார்ப்போம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். வீடில்லாதவர்களுக்கான தங்குமிடம், மனநலச் சிகிச்சை, குழந்தைகள் நலம், சிறை, பள்ளி, வாடகை உதவி என்று ஒரே குடும்பம் ஐந்தாறு துறைகளின் கதவைத் தட்டியிருக்கும். ஒவ்வொரு துறைக்கும் தனி மென்பொருள், தனி எண். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு மொத்தத்தில் என்ன கிடைத்தது, எங்கே விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. கொரோனா காலத்தில் வாடகை உதவியை அவசரமாகக் கொடுக்க வேண்டி வந்தபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பதிவுகளை முறைப்படி இணைத்து வைப்பதுதான் ஒருங்கிணைந்த தரவு அமைப்பு.

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அல்லெகேனி கவுண்டி 1997இல் தன் சமூக சேவைப் பிரிவுகளை ஒரே துறையாக்கி, 1999இல் டேட்டா வேர்ஹவுஸ் (பல துறைகளின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு) கட்டத் தொடங்கிவிட்டது. அதற்கு உள்ளூர் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. அப்படிக் கொடுக்க ஆள் இல்லாத கவுண்டிகளுக்கு 2021இல் வந்த நிவாரண நிதி ஒரு நல்ல வாய்ப்பு.

படி 1: பணத்தின் விதியைப் படியுங்கள்

அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தானது. அதைத்தான் எல்லோரும் ஆர்ப்பா என்கிறார்கள். அதில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் என்று ஒதுக்கியது 35,000 கோடி டாலர், அதில் கவுண்டிகளின் பங்கு 6,510 கோடி டாலர். கருவூலத் துறையின் இறுதி விதி 2022 ஜனவரியில் வந்தது, ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. டேட்டாவைச் சேகரிப்பது, பகிர்வது, அலசுவது, அதற்கான தொழில்நுட்ப வசதி ஆகியவற்றுக்குச் செலவு செய்யலாம் என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது.

உங்கள் திட்டம் எந்தக் கணக்கில் போகிறது என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, 'வருவாய் இழப்பு' கணக்கு: 1 கோடி டாலர் வரை (மொத்த ஒதுக்கீட்டைத் தாண்டாமல்) நிலையான தொகையாக எடுத்துக்கொண்டு வழக்கமான அரசு சேவை எதற்கும் செலவிடலாம், அறிக்கை வேலையும் குறைவு. இன்னொன்று, பொதுத்துறையின் செயல்திறனைக் கூட்டுவது என்ற செலவு வகை, எண் 3.4. இதில் ஏன், எதற்கு என்று இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

அப்புறம் இரண்டு தேதிகள். 2024 டிசம்பர் 31க்குள் பணம் எதற்கென்று ஒப்பந்தம் போட்டு உறுதி செய்திருக்க வேண்டும், 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்து முடிக்க வேண்டும். முதல் தேதி போய்விட்டதால், புதிதாக ஆசைப்பட்டதற்கெல்லாம் இந்தப் பணத்தைத் திருப்ப முடியாது. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. அந்த ஒப்பந்தத்தை வாங்கி முழுசாகப் படியுங்கள், வேறு யாரோ சுருக்கிச் சொன்னதை நம்பாதீர்கள்.

படி 2: ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"எல்லா டேட்டாவையும் ஒரே இடத்தில் கொண்டுவருவோம், அப்புறம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இப்படி ஒரு கேள்வியை எழுதுங்கள்: "சிறையிலிருந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் 6 மாதத்துக்குள் தங்குமிடத்துக்கு வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே மனநலச் சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது?" இதற்கு மூன்று துறைகளின் டேட்டா போதும். பள்ளி வேண்டாம், வரிப் பதிவு வேண்டாம். கேள்வி சின்னதாக இருந்தால் ஒப்பந்தமும் சின்னதாக இருக்கும், கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கும்.

படி 3: மக்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. மினசோட்டாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். செயின்ட் பால் நகரமும் ராம்சி கவுண்டியும் அந்த ஊரின் பள்ளி மாவட்டமும் சேர்ந்து, குழந்தைகளின் டேட்டாவை இணைக்க 2018இல் கூட்டு ஒப்பந்தம் போட்டன. குழந்தைகளுக்கு உதவிதான் நோக்கம் என்றார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கும் திட்டமும் உள்ளே இருந்தது, அந்தப் பட்டியல் நாளைக்குப் போலீஸ் கைக்குப் போகாது என்று பெற்றோர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சமூக அமைப்புகள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன, 2019 தொடக்கத்தில் ஒப்பந்தமே கலைக்கப்பட்டது.

அந்தப் பெற்றோர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். யாருடைய வாழ்க்கை அந்தப் பதிவுகளில் இருக்கிறதோ அவர்களுக்கு 'இதைச் செய்யாதே' என்று சொல்லும் இடம் இருக்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கென்றே இயங்கும் ஏஐஎஸ்பி குழு நான்கு கேள்விகளைச் சொல்லித் தருகிறது: இது சட்டப்படி சரியா? நியாயமா? நல்ல யோசனைதானா? அது நமக்கு எப்படித் தெரியும், யார் முடிவு செய்கிறார்கள்? நான்காவதற்குப் பதிலாக அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே வருகிறது என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

படி 4: சட்டமும் கையெழுத்தும்

எந்த டேட்டாவுக்கு எந்தச் சட்டம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மருத்துவப் பதிவு என்றால் 1996இல் வந்த ஹிப்பா. பள்ளிப் பதிவு என்றால் 1974இல் வந்த ஃபெர்பா. போதைப் பழக்கச் சிகிச்சைப் பதிவுக்குத் தனியாக இன்னும் கடுமையான விதி உண்டு, பொதுவாக நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். 'சட்டம் விடாது' என்று ஒரு துறை சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் குழந்தைகளின் பள்ளிப் பதிவைக் குழந்தைகள் நலத் துறை பார்க்கலாம் என்று 2013இலேயே ஃபெர்பாவைத் திருத்திவிட்டார்கள். அது தெரியாமல் மறுப்பவர்கள் இருக்கலாம்.

ஒப்பந்தத்தை மூன்று அடுக்காகப் போடுவது நல்ல வழக்கம். எல்லாத் துறைகளும் சேர்ந்து போடும் பொதுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று. டேட்டா தரும் ஒவ்வொரு துறையோடும் தனித்தனியே பகிர்வு ஒப்பந்தம். பிறகு ஒவ்வொரு ஆய்வுக்கும் சின்னதாக ஒரு பயன்பாட்டு அனுமதி. இப்படிப் பிரித்துவிட்டால் புதுக் கேள்வி வரும்போதெல்லாம் முதலிலிருந்து வழக்கறிஞர்களிடம் போக வேண்டாம். நிவாரண நிதியைச் செலவிட மிகப் பொருத்தமான இடங்களில் இந்த வழக்கறிஞர் வேலை ஒன்று, ஏனென்றால் ஒருமுறை செய்தால் பல வருஷம் நிற்கும்.

படி 5: ஆட்களைப் பொருத்துதல்

இதுதான் தொழில்நுட்பத்தில் கஷ்டமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கற்பனையாக மூன்று பதிவுகள்:

தங்குமிடம்: முதற்பெயர் செல்வி, குடும்பப்பெயர் முருகன், பிறந்த தேதி 04/07/1988.
மனநலப் பிரிவு: முதற்பெயர் முருகன், குடும்பப்பெயர் செல்வி, பிறந்த தேதி 07/04/1988.
வாடகை உதவி: முதற்பெயர் எஃப்என்யூ, குடும்பப்பெயர் செல்வி, பிறந்த தேதி 01/01/1988.

பெயரும் தேதியும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும் என்று விதி வைத்தால் கம்ப்யூட்டர் இதை மூன்று பேர் என்று சொல்லும். ஆனால் தமிழ்ப் படிவங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு உடனே புரியும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்காரும், இன்னொரு கவுன்டரில் அது இடம் மாறும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று போடுவார்கள், 'முதற்பெயர் தெரியாது' என்று அர்த்தம். அமெரிக்காவில் மாதம் முதலில், நம் ஊரில் நாள் முதலில், அதனால் தேதி புரண்டுவிடுகிறது. 01/01 என்பது பல நேரம் உண்மையான பிறந்தநாளே இல்லை. வருஷம் மட்டும் தெரிந்தால் அப்படி நிரப்பிவிடுவார்கள், அகதிகளின் பதிவுகளில் இது நிறையவே உண்டு.

இதற்கான வழியை 1969லேயே கனடாவின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எடை கொடுங்கள். பாலினம் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு இரண்டில் ஒன்று, அதனால் எடை குறைவு. பிறந்த மாதம் பன்னிரண்டில் ஒன்று, கொஞ்சம் கூடுதல். அரிதான பெயர் ஒத்துப்போனால் எடை அதிகம், ஸ்மித் ஒத்துப்போனால் குறைவு, 01/01 ஒத்துப்போனால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மொத்தத்தைக் கூட்டி, ஒரு எல்லைக்கு மேலே இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் நீதி அமைச்சகம் உருவாக்கிய ஸ்பிளிங்க் என்ற மென்பொருள் இதையே செய்கிறது. அது இலவசம், பைத்தான் தெரிந்தால் போதும்.

செய்யும் வரிசை இதுதான். முதலில் பெயர்களில் இருக்கும் புள்ளி, இடைக்கோடு, இனிஷியல் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாக்குங்கள், ஆனால் மூலப் பதிவை அழிக்காதீர்கள். முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் மாற்றிப் போட்டும், நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். 2 லட்சம் பதிவுகளில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் 2,000 கோடி ஜோடிகள் வரும். அதனால் 'பிறந்த வருஷம் ஒன்றாக இருப்பவை', 'பெயரின் உச்சரிப்பு ஒன்றாக இருப்பவை' என்று சில வடிகட்டிகள் வைத்து, ஏதாவது ஒன்றில் சேர்ந்து விழும் ஜோடிகளை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லையின் ஓரத்தில் நிற்கும் ஜோடிகளில் சில நூறை எடுத்து, கவுன்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஊழியர்களிடம் கொடுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. எந்த இனத்தவருக்கு, எந்த மொழிக்காரர்களுக்குப் பொருத்தம் அதிகமாகத் தவறுகிறது என்று தனியாக எண்ணிப் பாருங்கள். இல்லாவிட்டால் நம்மைப் போன்ற பெயர் உள்ளவர்கள்தான் அறிக்கையில் காணாமல் போவார்கள்.

எல்லையை எங்கே வைப்பது என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. வருஷாந்திரக் கணக்குக்கு என்றால் சில தவறான பொருத்தங்களைத் தாங்கலாம். ஆனால் ஒரு சமூகப் பணியாளர் திரையைத் திறந்து பார்க்கும்போது, வேறு ஒருவருடைய சிறைப் பதிவு ஒரு தாயின் கோப்பில் வந்து நிற்கக் கூடாது. அங்கே எல்லையை நன்றாக உயர்த்துங்கள், சில பொருத்தங்கள் விடுபட்டாலும் பரவாயில்லை.

படி 6: யார் எதைப் பார்க்கலாம்

பொருத்தி முடித்ததும் பெயர், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைத் தனிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு புதிய எண்ணை மட்டும் கொடுங்கள். யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பதிவு தானாகவே எழுதப்பட வேண்டும். எண்ணிக்கை மிகச் சிறியதாக வரும் கட்டங்களை வெளியிடும் அறிக்கையில் மறையுங்கள், சின்ன ஊரில் இரண்டு பேர் என்றால் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்.

படி 7: 2027 ஜனவரியில் யார் பணம் கட்டுவார்கள்?

நிவாரண நிதி ஒருமுறை வரும் பணம். ஆகவே ஒருமுறை செய்யும் வேலைக்கு அதைச் செலவிடுவதே புத்திசாலித்தனம்: ஒப்பந்தங்கள், டேட்டா பட்டியல், முதல் கட்டுமானம், பயிற்சி, ஆவணங்கள். வருஷா வருஷம் கட்டணம் கேட்கும் பெரிய மென்பொருளை வாங்கிவிட்டால், நிதி தீர்ந்த அடுத்த வருஷமே கணக்கு இடிக்கும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: டேட்டா கவுண்டிக்கே சொந்தம், எப்போது கேட்டாலும் சாதாரண வடிவத்தில் வெளியே எடுத்துத் தர வேண்டும், பொருத்தும் விதிகள் எல்லாம் எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். இல்லையென்றால் கவுண்டி வழக்கறிஞரிடம் சொல்லித் திருத்தம் கேளுங்கள்.

தொடர் செலவுக்கு மாநிலத்தின் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரிவோடு பேசிப் பாருங்கள். மெடிகெய்டுக்குப் பயன்படும் அமைப்பின் பகுதிகளைக் கட்ட 90 சதவீதமும், அனுமதி பெற்றபின் நடத்த 75 சதவீதமும் மத்திய அரசு தரும் வழி இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் மாநிலம் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் மாதக் கணக்கில் இழுக்கும். கவுண்டியின் சொந்த பட்ஜெட்டில் குறைந்தது ஓர் அனலிஸ்ட், பாதி நேர வழக்கறிஞர் என்று இப்போதே ஒரு செலவுக் கணக்கு சேர்க்கச் சொல்லுங்கள். செலவுக் கோப்புகளைப் பணம் முழுதும் செலவான நாளிலிருந்து 5 வருஷம் வைத்திருக்க வேண்டும், அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று உங்களுக்கு அடுத்து வருபவருக்கு எழுதி வைத்துவிடுங்கள்.