ஆங்கிலத்தில் பிரசென்டேஷன்: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஸாரி, மை இங்லிஷ் இஸ் நாட் ஸோ குட்” என்று ஆரம்பிக்கும் நம்மவர்களைச் சிங்கப்பூர் அலுவலகக் கூட்டங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். பணிவாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நொடியிலிருந்து கேட்பவர் விஷயத்தை விட்டுவிட்டுப் பிழை தேட ஆரம்பித்துவிடுவார். அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு இலக்கணத்தில் இல்லை, சொல்லும் வரிசையில் இருக்கிறது. காரணத்தை அடுக்கிவிட்டு முடிவுக்கு வருவது நமக்குப் பழக்கம். தமிழில் வினைச்சொல்லே கடைசியில்தானே வருகிறது! “மழை விடவில்லை, லாரி வரவில்லை, ஆள் பற்றவில்லை, அதனால் வேலை 2 வாரம் தள்ளிப்போகும்” என்று ஊரில் சொன்னால் பொறுமையாகக் கேட்பார்கள். இங்கே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு லாரி வரும்போதே கவனம் கைப்பேசிக்குப் போய்விடும். “வேலை 2 வாரம் தள்ளிப்போகும். அதற்கு 3 காரணங்கள்” என்று தொடங்கிப் பாருங்கள். அதே தகவல்தான், ஆனால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் உச்சரிப்பு. பிரிட்டிஷ்காரர் போலவோ அமெரிக்கர் போலவோ பேச முயல வேண்டாம். நம் சாயல் யாருக்கும் தடையில்லை. அழுத்தம் தவறான அசையில் விழுவதுதான் தடை. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே சீராக ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை மங்கும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும். ‘ஃபோட்டோகிராஃபி’ என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும். உங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் 10 சொற்களுக்கு மட்டும் அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை நான் ‘ஃபிஃப்டீன் பெர்சென்ட்’ என்று சொன்னதை எதிரே இருந்த சீன நண்பர் 50 என்று குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்து மின்னஞ்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. ‘டீன்’ என்பதை நான் அழுத்தி நீட்டவில்லை. இப்போதெல்லாம் ‘ஒன் ஃபைவ்’ என்று சேர்த்துச் சொல்கிறேன், ஸ்லைடிலும் போட்டுவிடுகிறேன். தமிழகத்திலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று: ‘டென் லாக்ஸ்’ என்றால் இங்கே பலருக்குப் புரியாது. 10 லட்சம் என்பது 1 மில்லியன், 1 கோடி என்பது 10 மில்லியன். பழகும்வரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மனப்பாடமும் நம்மைக் கவிழ்க்கும். பிள்ளைகள் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு முழு உரையையும் நெட்டுருப் போட்டு முழங்குவது அழகு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அலுவலகப் பேச்சில் நடுவில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். மற்றதற்குக் குறிப்பு போதும். நிமிடத்துக்குச் சுமார் 130 முதல் 150 சொற்கள் என்பது நிதானமான வேகம். 10 நிமிடப் பேச்சுக்கு 2,000 சொற்கள் எழுதி வைத்தால் ஓட்டமாக ஓடத்தான் வேண்டும்.

சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கு ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாக: காப்பிக்கடையில் அது நம்மை ஒன்றுசேர்க்கிறது. வெளியூர் வாடிக்கையாளர் முன்னால் ‘லா’வையும் ‘கேன் கேன்’னையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பயிற்சியை மனதுக்குள் செய்யாதீர்கள், வாய்விட்டுச் செய்யுங்கள். பல சமூக மன்றங்களில் மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே நாம் எத்தனை ‘ஆ’, ‘அம்’ போட்டோம் என்று எண்ணிச் சொல்லவே ஓர் ஆள் இருப்பார். அந்த எண்ணிக்கையைக் கேட்டபிறகு, ‘ஆ’ போடும் இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடப் பழகுங்கள்.

கேள்வி நேரத்தில், கேட்பவர் முடிப்பதற்குள் பதிலை ஆரம்பித்துவிடுகிறோம். முழுதாகக் கேளுங்கள், கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், பிறகு பேசுங்கள். ஆமாம் என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலை மற்ற இனத்தவருக்கு ‘இல்லை’ என்று தெரியக்கூடும். தலையாட்டினாலும் ‘யெஸ்’ என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.