மேல்காற்றில் சின்ன வண்டி ஓட்டுவது எப்படி? பணகுடி ரோட்டில் பழகியவனின் செய்முறை

ஆனி பிறந்ததும் திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூருக்குத் தெற்கே நான்குவழிச் சாலையோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நாகர்கோவில் பக்கம் போகிற பைக்குகள் எல்லாம் நேராகத்தான் போகும், ஆனால் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, தள்ளுவதால் மேற்கே சாய்ந்தபடி போகும். ஓட்டுகிறவரைக் கேட்டால் "சாய்ஞ்சா போறேன்?" என்பார். அவருக்குப் பழகிப்போயிற்று. புதிதாக வருகிறவர்கள்தான் விறைத்து உட்கார்ந்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்துக்கும் நடுவுக்குமாக அலைவார்கள்.

நானும் அலைந்தவன்தான். நாகர்கோவிலில் வேலை கிடைத்த புதிதில் தினமும் வள்ளியூரிலிருந்து ஒரு 100 சிசி வண்டியில் போய்வந்தேன். முதல் ஆடி மாதத்தில் பணகுடி தாண்டுவதற்குள் இரண்டு தோளும் கல்லாகிவிடும். ஒருநாள் டீக்கடையில் இறங்கிக் கையை உதறிக்கொண்டிருந்தபோது கடை அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, காத்தோட எதுக்கு மல்லுக்கட்டுதிய? கைய லூசா விடுங்க, வண்டி பாட்டுக்குப் போவும்." நம்பிக்கையே வரவில்லை. காற்று தள்ளும்போது கையை விடுவதா? ஆனால் அவர் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. 100, 110, 125 சிசி வண்டியோடு முதல்முறை இந்தக் காற்றில் இறங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காற்றின் கணக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டிக்கொண்டிருக்கும். மலை எங்கே தாழ்கிறதோ அங்கே புகுந்து வரும். நம் பக்கம் அதற்கு இரண்டு வாசல்கள்: வடக்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். ஓஸின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே கதை. அந்தத் தெற்குக் கணவாயை ஒட்டிய முப்பந்தலைச் சுற்றிச் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகக் காற்று விளையாட்டுக் காட்டும், 60 கிலோமீட்டர் வேகக் காற்று வேலையைக் காட்டும். 60-இல் பக்கவாட்டில் அடித்தால் வண்டியும் ஆளுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோவுக்குமேல் தள்ளு வாங்குவோம். 110 கிலோ வண்டியில் 70 கிலோ ஆள் என்றால், மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே பக்கமாகத் தள்ளுகிறது என்று அர்த்தம். 190 கிலோ புல்லட்டில் போகிறவர் நம்மைவிட நிம்மதியாகப் போவது இதனால்தான்.

படி 1: கிளம்புவதற்கு முன்

டயர் காற்று, கம்பெனி சொன்ன அளவு. கூட அடித்தால் வண்டி துள்ளும், குறைத்தால் நெளியும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பேரிங், லூசாக இருக்கிறது. சாதாரண நாளில் அதை யாரும் கவனிப்பதில்லை. காற்றில் அது ஹேண்டிலை நடுங்க வைக்கும். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

உடுப்பில் ஒரே விதி: படபடக்கிற எதுவும் வேண்டாம். பட்டன் போடாத சட்டை, கழுத்தில் துண்டு, தொங்கவிட்ட துப்பட்டா எல்லாமே பாய்மரம். மேலே கவிழ்த்துக்கொள்கிற ரகம் மழைக்கோட்டு இருக்கிறதே, அதுதான் மகா மோசம். பலூன் மாதிரி ஊதி ஆளையே தூக்கப் பார்க்கும். சட்டையும் பேண்ட்டுமாகத் தைத்த கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் வாரைத் தாடைக்கு ஒட்டி மாட்டுங்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ராதாபுரம் பக்கத்துச் செம்மண் தூசி ஒரு துளி கண்ணில் விழுந்தால் போதும்.

சாமானைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக் கட்டலாம், பின்சீட்டில் தாழ்வாகவும் கட்டலாம். வாழையிலைக் கட்டு, ஃபிளெக்ஸ் சட்டம், பிளைவுட் போன்ற அகலமான எதையும் இந்த நான்கு மாதங்களில் பைக்கில் ஏற்றாதீர்கள். பின்னால் யாராவது வந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். அம்மாவோ அத்தையோ சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தான் உட்கார முடியும் என்றால், பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவதே நல்லது. திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: காற்றைக் கண்ணால் பார்ப்பது

எந்தத் திசைக் காற்று என்பதற்குக் காற்றாலையைவிட நல்ல திசைகாட்டி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிற காற்றாலை எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். அதன் முகம் எந்தப் பக்கமோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. ஆனால் இறக்கை சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றின் பலத்தை எடை போடாதீர்கள், அதற்கெல்லாம் உள்ளே கட்டுப்பாடு இருக்கிறது. பலத்தைச் சொல்வது பனைமரமும் நடுத்திட்டில் வளர்த்திருக்கிற அரளிச் செடியும். முன்னால் 100 மீட்டர் தள்ளி அரளி ஒரேயடியாகப் படுத்து எழுந்தால், சில விநாடிகளில் அந்த அடி உங்களுக்கும் விழப்போகிறது.

காற்று விட்டுவிட்டு அடிக்கிற இடங்கள் சில உண்டு: மேம்பாலத்தின் மேல், ஆற்றுப்பாலம், வீடுகளும் மரங்களும் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடம். அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே தயாராகிவிடுங்கள். என் அனுபவத்தில் விடிகாலையில் காற்று சற்று அடங்கியிருக்கும், மத்தியானத்துக்கு மேல் உக்கிரமாகும். புதியவர்கள் முதல் பத்துத் தடவை காலையிலேயே போய்விடுவது நல்லது.

படி 3: உட்காரும் விதம், பிடிக்கும் விதம்

முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொள்ளுங்கள். முதுகை லேசாக முன்னால் வளையுங்கள். முழங்கை மடங்கி, தொங்கினாற்போல் இருக்கட்டும். கைப்பிடியை முட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் போதும்.

ஏன் என்றால், காற்று முதலில் தள்ளுவது உங்கள் மார்பையும் தோளையும். கையை விறைத்து வைத்திருந்தால் அந்தத் தள்ளு நேராக ஹேண்டிலுக்குப் போகும். அதாவது காற்று உங்களைக் கொண்டே ஸ்டியரிங் பிடிக்கும். கை தளர்ந்திருந்தால் உடம்பு ஆடும், ஹேண்டில் ஆடாது. ஓடுகிற சக்கரத்துக்குத் தானாக நிமிர்கிற குணம் உண்டு, அதன் வேலையை அது செய்யட்டும். அண்ணாச்சி சொன்ன "வண்டி பாட்டுக்குப் போவும்" இதுதான்.

வேகம் 40 முதல் 50. ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்ததும் பயந்து சட்டென்று விடுவதும், முன்பிரேக்கைப் பிடிப்பதும் கூடாது. அதற்காக 20-இல் உருட்டவும் வேண்டாம், அந்த வேகத்தில் சக்கரத்துக்கு நிமிரும் தெம்பு இருக்காது.

படி 4: காற்று வரும் பக்கத்துக் கையைத் தள்ளுவது

முதலில் காற்றில்லாத நேரத்தில் ஆளில்லாத நேர் ரோட்டில் இதைப் பழகுங்கள். 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் வலது கைப்பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னோக்கி அழுத்துங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கமே போகும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் ஓடுகிற பைக்கின் இயல்பே அதுதான். இடது கைக்கும் அப்படியே. நான்கைந்து தடவை செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

காற்றிலும் இதே வேலைதான். காற்று வலப்பக்கமிருந்து அடித்தால் வலது கையை மெல்லத் தள்ளுங்கள், வண்டி காற்றின்மேல் சாய்ந்துகொள்ளும். காற்று தணிந்ததும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். ஓரடி, ஒன்றரை அடி இங்குமங்கும் போவது தப்பே இல்லை. கோடு போட்டாற்போல் போக நினைப்பவர்தான் அதிகம் தடுமாறுவார்.

படி 5: ரோட்டில் உங்கள் இடம்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகும்போது மேல்காற்று உங்கள் வலப்பக்கம். அது உங்களை இடது ஓரத்துக்குத் தள்ளும். அங்கே வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் மணலும் சறுக்கலும்தான். அதனால் இடது தடத்தின் நடுவில் போங்கள். ஓரமாகப் போவதுதான் பாதுகாப்பு என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், அது காற்றில்லாத ஊருக்கு. வடக்கே திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம், தள்ளுவது வேகமாகப் போகும் கார்கள் பக்கம். அப்போது தடத்தின் இடதுபுறத்தை ஒட்டி வாருங்கள்.

படி 6: பஸ்ஸும் லாரியும்

இந்த ரோட்டில் காற்று அடிப்பதைவிட, அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நிற்பதுதான் ஆளை விழத்தட்டும். எனக்கு அது பணகுடிக்குக் கொஞ்சம் முன்னால் புரிந்தது. வலப்பக்கம் சாய்ந்து, வலது கையைத் தள்ளியபடி போய்க்கொண்டிருந்தேன். ஒரு பஸ் வலப்பக்கமாக என்னை முந்தியது. பஸ் மறைத்ததும் காற்று இல்லை. நான் தள்ளிய கை அப்படியே இருந்தது. வண்டி பஸ்ஸின் வயிற்றைப் பார்த்துப் போயிற்று. ஜன்னலோரம் இருந்த அக்கா ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு இரண்டடி தூரத்தில் எப்படியோ நிமிர்த்தினேன். நிமிர்த்தின கையோடு பஸ் கடந்துபோய்விட்டது, நின்ற காற்று மறுபடி அறைந்தது, இடப்பக்கம் மண்ணில் இறங்கினேன். விழவில்லை. பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் தெற்கே போகும்போது கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். பெரிய வண்டி வருவது தெரிந்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்து, தடத்துக்குள்ளேயே ஓரடி இடப்பக்கம் விலகுங்கள். அதன் மூக்கு அருகில் வரும்போது இடப்பக்கமாக ஒரு சின்னத் தள்ளு வாங்குவீர்கள். மறைத்ததும் காற்று நின்றுவிடும், வலது கை அழுத்தத்தை உடனே விடுங்கள். வால் கடக்கும்போது காற்று திரும்ப வரும், மறுபடி அழுத்துங்கள். தள்ளு, நிற்பு, அடி. இந்த மூன்றையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே விடுங்கள்.

வடக்கே வரும்போது ஆபத்து நீங்கள் முந்தும்போது. லாரியின் வலப்பக்கம் போனால் அது காற்றை மறைக்கும், சுகமாக இருக்கும். அதன் முகப்பைத் தாண்டியதும் இடப்பக்கமிருந்து மொத்தமாக விழுந்து உங்களை நடுத்திட்டுப் பக்கம் தள்ளும். சின்ன வண்டியில் லாரியை முந்துகிற அவசரம் யாருக்கும் இருக்க வேண்டாம். காற்றாலை இறக்கையை ஏற்றிப் போகிற நீள டிரெய்லரை முந்த நினைக்கவே வேண்டாம். லாரியின் பின்னால் ஒட்டி ஒளிந்துகொண்டு போவதும் கூடாது. அங்கே காற்று சுழன்றடிக்கும், பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது.

படி 7: காவல்கிணறு திருப்பம்

பணகுடியைத் தாண்டி வரும் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பினால் காற்று ஏறக்குறைய எதிரில். வண்டி இழுக்காது. டாப் கியரில் முறுக்கிக்கொண்டே இருக்காமல் மூன்றாவதுக்கு இறக்கி, தாடையை டாங்க் பக்கம் குனிந்து மெதுவாகப் போங்கள். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். சத்தமே இருக்காது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும், மீட்டர் எங்கோ நிற்கும். இந்தச் சுகத்தில் ஏமாந்து அதே வேகத்தோடு காவல்கிணற்றில் வடக்கே திரும்பினால் மொத்தக் காற்றும் இடது விலாவில் விழும். திருப்பத்துக்கு முன்பே 40-க்கு வந்துவிடுங்கள்.

படி 8: நிறுத்துவது

சாய்ந்து ஓட்டியும் வண்டி தடத்தைவிட்டு வெளியே போகிறதென்றால் அன்றைக்கு உங்கள் வண்டிக்கு அந்தக் காற்று அதிகம். நிறுத்திவிடுங்கள். புளியமரத்தடி, விளம்பரப் பலகை, மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். பெட்ரோல் பங்க் அல்லது கட்டடத்தின் கிழக்குச் சுவரோரம் நல்லது.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருப்பதால், வண்டியின் வலப்பக்கம் காற்றுக்குக் காட்டுவதுபோல் நிறுத்துங்கள். அப்போதுதான் காற்று வண்டியை ஸ்டாண்டின்மேல் அழுத்தும். முதல் கியரில் போட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் பூட்டுங்கள். மாற்றி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. டீ வாங்கித் திரும்புவதற்குள் என் வண்டி வலப்பக்கம் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியும் பிரேக் லீவரும் போயிற்று. அண்ணாச்சிதான் கூட வந்து தூக்கிவிட்டார், டீக்குக் காசும் வாங்கவில்லை.