டேப் ட்ரைவ் யாருக்கு முதலில்? டிஎஸ்எம் முன்னுரிமை, படிப்படியாக

ரோபோ டேப்பை எடுத்து மாட்டும் டேப் லைப்ரரியில், டேப்பைப் படித்து எழுதும் ட்ரைவ் இருப்பது நாலே நாலு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏழெட்டு வேலைகள் டேப் கேட்டு நிற்கும். யாருக்கு முதலில் கிடைக்கும்? பேக்கப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஐபிஎம்மின் பேக்கப் மென்பொருளான டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜரை (டிஎஸ்எம்) வைத்தே விளக்குகிறேன். 2015இல் ஸ்பெக்ட்ரம் ப்ரொடெக்ட் என்று பெயர் மாறினாலும், எங்களுக்கெல்லாம் அது இன்னும் டிஎஸ்எம்தான்.

படி 1: ட்ரைவை எண்ணுங்கள்

'கொயரி ட்ரைவ்' கொடுத்து எத்தனை ஆன்லைனில் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு டிவைஸ் கிளாஸில் (ஒரே வகை ட்ரைவ்களுக்கான அமைப்பு) 'மவுண்ட் லிமிட்', அதாவது ஒரே நேரத்தில் எத்தனை டேப் ஏற்றலாம் என்ற வரம்பு, என்ன என்று பாருங்கள். அது 'ட்ரைவ்ஸ்' என்று இருந்தால் ஆன்லைனில் உள்ள அத்தனையும் பயன்படும். யாராவது 2 என்று எண் போட்டு வைத்திருந்தால், மீதி ரெண்டு ட்ரைவும் சும்மா கிடந்தாலும் அந்த கிளாஸுக்குக் கிடைக்காது.

படி 2: ட்ரைவிலிருந்து யார் யாரை இறக்கலாம்?

இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

டிஎஸ்எம்மின் சொந்த டேட்டாபேஸ் பேக்கப், கிளையண்ட் (பேக்கப் எடுக்கப்படும் கணினி) கேட்கும் ரீஸ்டோர், ரிட்ரீவ் (ஆர்க்கைவிலிருந்து திரும்ப எடுப்பது), எக்ஸ்போர்ட், இம்போர்ட் போன்றவை மேல்தட்டு. ட்ரைவ் காலியில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வேலையை கேன்சல் செய்துவிட்டு இவற்றுக்கு டிஎஸ்எம் சர்வர் இடம் கொடுக்கும். இதைத்தான் ப்ரீஎம்ப்ஷன் என்கிறோம்.

கேன்சல் ஆவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் போவது ரெக்ளமேஷன் (பாதி காலியான டேப்புகளில் மிஞ்சிய டேட்டாவை ஒன்றுசேர்த்து டேப்பைக் காலி செய்யும் வேலை). அடுத்து, நேராக டேப்புக்கு எழுதும் கிளையண்ட் பேக்கப். அதற்கப்புறம்தான் மைக்ரேஷன் (ஒரு ஸ்டோரேஜ் பூலிலிருந்து, பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்து, டேப்புக்கு நகர்த்துவது), மூவ் டேட்டா (ஒரு டேப்பில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றுவது), காப்பி பூல் பேக்கப் (இரண்டாவது பிரதி எடுப்பது) எல்லாம். கிளையண்ட் பேக்கப் இவ்வளவு கீழே இருப்பது புதியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். முக்கியமான கணினிகளின் பேக்கப்பை முதலில் டிஸ்க் பூலில் (டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) எழுதுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இந்த வரிசை யாரை முதலில் இறக்குவது என்பதற்கு மட்டும்தான், யாரை முதலில் ஏற்றுவது என்பதற்கு இல்லை. காப்பி பூல் பேக்கப் வந்து நின்றால் ரெக்ளமேஷன் எழுந்து வழிவிடாது. ட்ரைவ் காலியாகும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும்.

படி 3: காத்திருப்பது எதற்கு?

'கொயரி ப்ராசஸ்' கொடுங்கள். மவுண்ட் பாயிண்டுக்காக (டேப் ஏற்ற ஒரு ட்ரைவுக்காக) காத்திருப்பதாக வந்தால் ட்ரைவ் இல்லை என்று பொருள். குறிப்பிட்ட ஒரு வால்யூமின், அதாவது டேப்பின், பெயரைச் சொல்லிக் காத்திருந்தால் பிரச்சினை வேறு: ட்ரைவ் காலியாகவே இருக்கலாம், அந்த டேப்பை வேறொரு வேலை பிடித்துக்கொண்டிருக்கும். 'கொயரி மவுண்ட்' பார்த்தால் எந்த டேப் எந்த ட்ரைவில் என்று தெரியும்.

ப்ரீஎம்ப்ட் ஆனாலும் ட்ரைவ் உடனே கைக்கு வராது. எல்டிஓ-8 டேப்பின் நீளம் 960 மீட்டர். பழைய டேப் சுற்றி முடிந்து வெளியே வரவேண்டும், ரோபோ அதை ஸ்லாட்டில் வைத்துவிட்டுப் புது டேப்பை எடுத்து வரவேண்டும், பிறகு ஃபைல் இருக்கும் இடம்வரை ஓடவேண்டும். சில நிமிடங்கள் பொறுங்கள். அவசரப்பட்டு ரீஸ்டோரை நீங்களே கேன்சல் செய்துவிடாதீர்கள்.

படி 4: 'நோப்ரீஎம்ப்ட்' இருக்கிறதா?

சர்வரின் ஆப்ஷன் ஃபைலில் இந்த ஒரு வரி இருந்தால், டேட்டாபேஸ் பேக்கப்பைத் தவிர வேறு எதுவும் யாரிடமிருந்தும் ட்ரைவைப் பறிக்க முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், காலையில் கேட்ட ஒரு ஃபோல்டர் ரீஸ்டோர் மதியம்வரை அசையவே இல்லை. நாலு ட்ரைவிலும் ரெக்ளமேஷன். ஒரு ப்ராசஸை நான் கையால் கேன்சல் செய்தபிறகுதான் டேப் ஏறியது. அந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீக்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம்.

படி 5: மோதலைக் குறையுங்கள்

ரெக்ளமேஷனுக்கும் மைக்ரேஷனுக்கும் ஸ்டோரேஜ் பூலிலேயே ப்ராசஸ் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். நாலு ட்ரைவ் இருந்தால் நான் ரெக்ளமேஷனுக்கு ஒன்றுதான் கொடுப்பேன், அதுவும் பகலில். ஒரு நோடு (டிஎஸ்எம்மில் பதிவான கிளையண்ட்) எத்தனை ட்ரைவ் பிடிக்கலாம் என்பதை 'மேக்ஸ்நம்எம்பி' தீர்மானிக்கும். இதன் டீஃபால்ட் 1. கேட்கிறார்களே என்று ஏற்றிவிடாதீர்கள்.

ராத்திரி மைக்ரேஷன் கேன்சல் ஆகியிருந்தால் பயம் வேண்டாம். நகர்த்தி முடித்த ஃபைல்கள் டேப்பில்தான் இருக்கும், மீதியை அடுத்த ஓட்டத்தில் எடுத்துக்கொள்ளும். கிளையண்ட் பேக்கப் கேன்சல் ஆகியிருந்தால் மட்டும் காலையில் வந்ததும் ஷெட்யூல் லாகைத் திறந்து, எந்த ஃபைல் விட்டுப்போனது என்று பார்த்து, அன்றே மறுபடி ஓட்டிவிடுங்கள்.