முதலில் கேட், அப்புறம் காலை உணவு

காலை விமானம் என்றால், பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் கண்ணில் படும் முதல் கடையில் வரிசையில் நிற்காதீர்கள். நேராக, விமானம் ஏறும் உங்கள் கேட் வரை நடந்து போய், அதற்குப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள். அதுவும் கண்ணாடிப் பெட்டியில் தயாராக இருப்பதை, பார்சலாக.

சோதனை முடிந்து வருகிற கூட்டம் மொத்தமும் அந்த முதல் கடைகளில்தான் மொய்க்கும். உள்ளே போகப் போக வரிசை குறையும். பெரிய விமான நிலையங்களில் கேட்டுக்குப் போகவே கால் மணி நேரம் ஆகலாம், நிலையத்துக்குள்ளேயே ரயிலோ பஸ்ஸோ கூட ஏற வேண்டியிருக்கலாம். புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே பல நிறுவனங்கள் கேட்டை மூடிவிடுகின்றன என்பதால், ஆர்டர் கொடுத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பது வயிற்றுக்கும் நல்லதல்ல. கேட் எதிரில் உட்கார்ந்தால், போர்டிங் தொடங்கியதும் கையில் இருப்பதோடு எழுந்து போய்விடலாம். ஆனால் சூடான காபியை மட்டும் குடித்து முடித்துவிட்டே எழுந்திருங்கள். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், பை, நிரம்பிய கப் எல்லாவற்றுக்கும் இரண்டு கை போதாது.

சிறிய நிலையங்களுக்கு இது ஒத்துவராது. கேட் பக்கம் தண்ணீர்க் குழாய் மட்டும்தான் இருக்கலாம். விடிகாலை 4, 5 மணி விமானத்துக்கும் அப்படித்தான், பல இடங்களில் உள்பக்கக் கடைகள் திறந்திருக்காது. அந்த நேரங்களில் முதல் கடையே கதி.