70 இறாத்தல் வில்லுக்கு நாண் திரித்தல்

கூத்துக்கு அருச்சுனன் வில் கட்டிக் கொடுக்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கூத்து வில்லுக்கு எந்தக் கயிறும் போதும். விண்ணாங்கு மரத்தில் செதுக்கிய, இழுக்க 70 இறாத்தல் கேட்கும் வில்லுக்கு அது சரிவராது. நான் முதலில் போட்டது வலைக்கடை நைலோன் கயிறு. அது அறவில்லை, நீண்டது. காலையில் ஏற்றிய நாண் மத்தியானம் தொளதொளவென்று நின்றது. இப்போது அதில் வீட்டில் துணி காய்கிறது.

நூல் நீளக் கூடாது. செருப்புத் தைக்கிற பொலியெஸ்டர் நூல் நல்லது. மரல் நாரும் நாணுக்குப் பேர்போனதுதான், ஆனால் ஒரே சீராக உரித்தெடுக்கக் கை பழக வேண்டும்.

நூலின் பலத்தை வாளியில் பாருங்கள். முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் அறுந்து ஏமாற்றும். அதனால் இரு முனையையும் வழுவழுப்பான தடியில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, வாளியைத் தொங்கவிட்டு, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். என் நூல் வாளியோடு 9 கிலோவில் அறுந்தது. அம்பு போனதும் நாண் வெட்டி நிற்கும்போதுதான் பெரிய அடி விழும். ஆகவே வில்லின் இழுப்பைப்போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும்: 350 இறாத்தல், ஏறக்குறைய 160 கிலோ. அதற்கு 18 இழை. பயத்தில் இன்னும் கூட்டாதீர்கள், நாண் பாரமானால் அம்பு மந்தமாகும்.

வில்லின் நீளத்தோடு அரை மீற்றர் கூட்டி இரண்டு ஆணி அடித்து, ஆறாறு இழையாக மூன்று புரி எடுங்கள். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். பல இழை தொய்ந்தால் மற்றவை சுமையை ஏற்று ஒவ்வொன்றாக அறும். என் இரண்டாவது நாண் அப்படித்தான் போனது, வில்லின் ஒரு கையும் கூடவே வெடித்தது. நுனிகளைப் படிப்படியாக வெட்டி, தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள்.

நுனியிலிருந்து ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, மற்றவற்றின் மேலால் இடப்பக்கம் போடுங்கள். கல்லடியில் வலை திருத்தும் மாமா என் முதல் முயற்சியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "எல்லாத்தையும் ஒரே பக்கம் முறுக்கினா கைய விட்டதும் அவிழ்ந்திரும் மருமகன்." நான்கு விரல் அளவு திரித்ததும் வளையமாக மடித்து, விட்ட வால்களை அந்தந்தப் புரியோடு சேர்த்து, அவை மறையும்வரை இறுக்கித் திரியுங்கள். அப்புறம் முறுக்கைக் குறைத்துவிடலாம், கூடினால் நாண் நீளும். மறுமுனைக்கு வளையம் வேண்டாம். வில்நுனியில் ஒரு சுற்றுப் போட்டு, நாணின் வாலை அதன் மேலேயே நாலு தரம் பின்னிவிட்டால் இறுகிக்கொள்ளும், நீளத்தையும் மாற்றலாம்.

ஏற்றுமுன் ஓர் இரவு 20 கிலோ அரிசிச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ஏற்றியபின் வில்லுக்கும் நாணுக்கும் இடையில், பெருவிரலை நிமிர்த்திய கைமுட்டி அளவு வெளி போதும். அம்பு பூட்டும் இடத்தில் ஒரு சாணுக்குப் பருத்திநூல் நெருக்கிச் சுற்றுங்கள். அம்பில்லாமல் இழுத்து விடவே வேண்டாம். ஓர் இழை பிசிறினாலும் கழற்றிவிடுங்கள், நான் ஒரே நேரத்தில் இரண்டு நாண் திரித்து வைப்பது அதற்காகத்தான்.