பதில் வேண்டாத கேள்வியை ஆங்கிலத்தில் கேட்பது எப்படி?

என்னிடம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ‘ஹூ கேர்ஸ்?’ என்றால் யாருக்கும் அக்கறையில்லை. ‘ஹூ டஸின்ட் லவ் மேங்கோஸ்?’ என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். ‘ஹவ் ஷுட் ஐ நோ?’ நம்ம ‘எனக்கென்ன தெரியும்?’ போலத்தான், ‘ஐ’யை அழுத்தினால் எரிச்சல் அப்பட்டமாகத் தெரியும், மேலதிகாரியிடம் வேண்டாம்.

சரி, மேடைக்கு? 1980 அக்டோபர் 28 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டருடன் நடந்த தேர்தல் விவாதத்தின் கடைசியில், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரேகன் அமெரிக்கர்களைக் கேட்டார்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? கடையில் பொருள் வாங்குவது அப்போதைவிட எளிதா? விலைவாசி எகிறியிருந்த நேரம் அது. ‘இல்லை’ என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, டிவி பார்த்தவர்களிடமே விட்டுவிட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: கேட்டதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள், பதிலை நீங்களே உளறிவிடாதீர்கள். எதிரே இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மின்னஞ்சலில் இன்னும் கவனம் தேவை. ‘வை வாஸின்ட் ஐ டோல்ட்?’ (என்னிடம் ஏன் சொல்லவில்லை?) என்று எழுதினால் சண்டைக்கு வருவதாகத்தான் படும். அங்கே நேராகவே சொல்லிவிடுங்கள்.