குதிரையேற்ற பூட்ஸ்: லேஸ் அவிழ்வதும் குதிகால் தூக்குவதும் நின்றது எப்படி
லேஸை அடி முதல் நுனி வரை ஒரே இறுக்கமாகக் கட்டியதுதான் தப்பு. கணுக்கால் மடியும் இடம் இறுகிவிட்டால் குதிரை மேல் குதிகாலைக் கீழே அழுத்தி உட்கார முடியாது.

லேஸை முழுக்கத் தளர்த்தி, பூட்ஸின் நாக்கை (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) நடுவில் நேராக்கி, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளவும். விரல் பக்கத் துளைகளில் லேசான இறுக்கம், பாத மேட்டில் நல்ல இறுக்கம். அந்த இடத்தில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று 2 சுற்று முறுக்கினால் கீழ்ப்பகுதி இறுக்கம் நழுவாது. மேல் துளைகளை ஒரு விரல் நுழையும் தளர்வோடு விடலாம். குதிகால் தூக்குவது இதோடு சரி.

அடுத்து முடிச்சு. பூ முடிச்சின் காதுகள் (இரு வளையங்கள்) குறுக்கே படியாமல் காலின் நீளவாக்கில் திரும்பி நின்றால், அது தானே அவிழும் முடிச்சு. காதுகளுக்கு முன் போடும் முதல் பின்னலை எதிர்த்திசையில் போட்டால் போதும், ஆச்சரியமாக இருக்கும். உருண்டையான நைலான் லேஸ் வழுக்கும். மெழுகு பூசிய பருத்தி லேஸ் பிடித்து நிற்கும்.

காதுகளையும் நுனிகளையும் குறுக்கு லேஸ்களுக்கு அடியில் செருகாமல் சேணத்தில் ஏற வேண்டாம். தொங்கும் காது அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) மாட்டினால் விழும்போது கால் விடுபடாமல் போகலாம்.